விலகிய தேதியைப் போட்டுவிடுங்கள்: கம்பெனிகளில் பி.எஃப். பார்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

பல்லடம், திருப்பூர், சோமனூர், கோவை வட்டாரத்தில் ஸ்பின்னிங் மில், பனியன் கம்பெனி, ஃபவுண்டரி, பம்ப் கம்பெனி என்று பல இடங்களில் டைம் ஆபீஸிலும் ஹெச்.ஆரிலும் அக்கவுண்ட்ஸிலும் உட்கார்ந்து பி.எஃப். வேலை பார்க்கிற சார்களுக்கும் மேடம்களுக்கும் இதை எழுதுகிறேன். பத்துப் பதினைந்து கம்பெனிகளுக்குச் சேர்த்து இந்த வேலையைச் செய்து கொடுக்கும் கன்சல்டன்ட்களுக்கும் சேர்த்துத்தான். முதலாளிக்கு எழுதிப் பயனில்லை. 15ஆம் தேதிக்குள் சலான் கட்டியாச்சா என்று கேட்பதோடு அவருக்கு பி.எஃப். முடிந்துவிடும். லாகின் பாஸ்வேர்டும், கம்ப்யூட்டரில் சொருகுகிற அந்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் உங்கள் டிராயரில்தான் இருக்கின்றன.

நான் மெயின் ரோட்டில் சின்னதாக ஒரு இன்டர்நெட் சென்டர் வைத்திருக்கிறேன். ஆதார் பிரிண்ட், ரேஷன் கார்டு திருத்தம், கரண்ட் பில் எல்லாம் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறந்தால் பாதிப் பேர் பி.எஃப். விஷயமாக வந்தவர்களாக இருப்பார்கள். நீங்கள் கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் எனக்கு ஒரு வாடிக்கையாளர் கூடுகிறார். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த மடல் என் வருமானத்துக்கே விரோதம்தான்.

கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒருவர் வேலையை விட்டு நின்றால், அந்த மாதத்து இ.சி.ஆர். (மாதாமாதம் ஏற்றும் பி.எஃப். கணக்குப் பட்டியல்) போடும்போதே அவர் கணக்கில் விலகிய தேதியையும் போட்டுவிடுங்கள். புதிதாக ஒருவர் சேர்ந்தால், ஏற்கெனவே யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) இருக்கிறதா என்று கேட்டு, பழைய எண்ணிலேயே சேருங்கள். முக்கியமாக இந்த இரண்டுதான். ஆதார் சரிபார்த்த யு.ஏ.என்.னாக இருந்து, பழைய கம்பெனி விலகிய தேதியைப் போட்டு, புதுக் கம்பெனி முதல் மாதப் பணத்தைக் கட்டிவிட்டால், பழைய பணம் பெரும்பாலும் தானாகவே புதுக் கணக்குக்கு வந்துவிடும். ஆள் என் கடைக்கு வரவே வேண்டியதில்லை. ட்ரான்ஸ்ஃபர் கேட்கும் ஃபாரம் 13 வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம், எனக்கு நூறு ரூபாயும் வேண்டாம்.

நடப்பது வேறு. யு.ஏ.என். போட்டு உள்ளே போய் சேவை விவரப் பக்கத்தைத் திறந்தால், மூன்று வரி வரும். மூன்று கம்பெனி, மூன்று சேர்ந்த தேதி. விலகிய தேதிக்கு நேராக 'நாட் அவைலபிள்', 'நாட் அவைலபிள்'. ஆள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அந்த மில்லை விட்டு வந்து ஆறு வருடம் ஆச்சுங்க என்பார். அரசாங்கத்தின் கணக்குப்படி அவர் இன்னும் மூன்று மில்லிலும் ஒரே நேரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

2020 ஜனவரியிலிருந்து தொழிலாளியே விலகிய தேதியைப் போட்டுக்கொள்ளலாமே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், அந்த வசதி நல்ல வசதி, என் கடையில் தினமும் உபயோகப்படுகிறது. ஆனால் கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் போக வேண்டும். ஆதாரோடு இணைத்த போன் நம்பர் கையில் உயிரோடு இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற பையன்களுக்கு ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் ஒரு புது சிம். ஓ.டி.பி. எங்கேயோ, யாருக்கோ போய்க்கொண்டிருக்கும். நம்மூர் ஆட்களில் பெண்களுக்குப் பெரும்பாலும் ஆதாரில் இருப்பது அப்பா நம்பர், அல்லது கல்யாணத்துக்கு முந்தைய ஏதோ ஒரு நம்பர். நீங்கள் ஒரு நிமிடத்தில் போடக்கூடிய தேதிக்கு அவர்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆதார் மையத்துக்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள். உங்களுக்கு ஒவ்வொருவராகக்கூடப் போட வேண்டியதில்லை. மொத்தமாக ஒரே ஃபைலில் ஏற்றும் வசதி உங்கள் பக்கத்துப் போர்ட்டலில் இருக்கிறது.

தேதி போடுகிற சிலரும் ஒரு வேலை செய்கிறீர்கள். எல்லோருக்கும் மாதக் கடைசித் தேதி. 14ஆம் தேதி நின்றவருக்கும் 31, 20ஆம் தேதி நின்றவருக்கும் 31. அவர் 22ஆம் தேதியே அடுத்த கம்பெனியில் சேர்ந்திருப்பார். இரண்டு வேலையும் பத்து நாள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். இப்படித் தேதி மோதுகிறது என்பதற்காக மட்டும் ட்ரான்ஸ்ஃபரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2025 மே மாதம் பி.எஃப். நிறுவனம் தன் அலுவலகங்களுக்குச் சொல்லியிருக்கிறது. நல்லதுதான். ஆனாலும் பென்ஷன் கணக்குப் பார்க்கும் நாளில் அந்தப் பத்து நாளுக்கு யாராவது விளக்கம் கேட்கத்தான் போகிறார்கள். அன்று அந்த ஆளுக்கு 58 வயது ஆகியிருக்கும். நீங்கள் எங்கே இருப்பீர்களோ. கடைசியாக வேலை பார்த்த நாள் உங்கள் மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) இருக்கிறது, அதைப் பார்த்துப் போடுங்கள்.

இன்னொரு வகை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. தெரிந்தே தேதி போடாமல் வைத்திருப்பது. நோட்டீஸ் கொடுக்காமல் போய்விட்டான், அட்வான்ஸ் பாக்கி இருக்கிறது, மிஷினைக் கெடுத்துவிட்டுப் போனான், அவன் நேரில் வந்து நிற்கட்டும், அப்புறம் பார்க்கலாம். ஒரு மில்லில் (பெயர் வேண்டாம்) என் வாடிக்கையாளர் ஒருவரிடம் நேராகவே சொல்லியிருக்கிறார்கள்: திரும்ப வேலைக்கு வந்தால்தான் பி.எஃப். வேலை நடக்கும் என்று. அவரோ வேறு மில்லில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

சார், இந்தப் பணம் உங்களுடையது இல்லை. முதலாளியுடையதும் இல்லை. கோர்ட் டிகிரி வாங்கினாலும் ஜப்தி செய்ய முடியாது என்று 1952ஆம் வருடச் சட்டமே இந்தப் பணத்துக்குத் தனியாக வேலி போட்டது. கடன் கொடுத்த வங்கி தொட முடியாத பணத்தை, இரண்டாயிரம் ரூபாய் அட்வான்ஸுக்காக டைம் ஆபீஸ் பிடித்து வைப்பது என்ன நியாயம்? நோட்டீஸ் சண்டையைச் சம்பள செட்டில்மெண்டில் பேசிக்கொள்ளுங்கள்.

இனி இனிஷியல் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் என் நேரம் அதிகம் போகிறது. வடக்கே ஒரு பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் ஒன்று நிரந்தரமாக ஒட்டியிருக்கும். நமக்கு அப்படி இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் நம் குடும்பப் பெயர். அந்த எழுத்து பள்ளிச் சான்றிதழில் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பான் கார்டில் முழுசாக அப்பா பெயராகவே விரிந்திருக்கும். நீங்கள் உங்கள் அட்டெண்டன்ஸ் லிஸ்ட்டில் இருக்கிறபடி வெறும் பெயரை மட்டும் ஏற்றியிருப்பீர்கள். கம்ப்யூட்டருக்கு இந்த நாலு பேரும் வேறு வேறு ஆட்கள்.

பெண்களுக்கு இது இன்னும் மோசம். ஒரு அக்காவின் விவரத்தைச் சொல்கிறேன், பெயரை விட்டுவிடுகிறேன். பதினெட்டு வயதில் தேனிப் பக்கமிருந்து மில் ஹாஸ்டலுக்கு வந்தவர். ரிங் ஃபிரேம் என்ற நூல் நூற்கும் மிஷினில் சைடர் வேலை. முதல் மில்லில் அப்பா இனிஷியல். பிறந்த தேதி ஜனவரி 1. அவருக்குத் தெரிந்த பிறந்த தேதி அதில்லை. யாரோ ஒருவர் கேட்கச் சோம்பல்பட்டு வருடத்தை மட்டும் கேட்டு, நாளையும் மாதத்தையும் தானே போட்டிருக்கிறார். அப்புறம் கல்யாணம், இரண்டு குழந்தைகள், சில வருட இடைவெளி. இரண்டாவது மில்லில் சேரும்போது ஆதாரில் கணவர் இனிஷியல். பழைய யு.ஏ.என். இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. புது ஆதார் விவரத்தில் புது யு.ஏ.என். ஆக, ஒரே பெண்ணுக்கு இரண்டு எண், இரண்டு இனிஷியல், இரண்டு பிறந்த தேதி. பணத்தை ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்றால் முதலில் அந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு முதல் மில்லின் ஒப்புதல் வேண்டும். முதல் மில் கைமாறிவிட்டது. அங்கே பி.எஃப். பார்த்த கன்சல்டன்ட் கணக்கை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டார். அந்தப் புது ஆளிடம் போன் செய்தால், பழைய டோக்கன் காலாவதி, புதுசு வாங்க முதலாளியிடம் சொல்லியிருக்கிறோம் என்கிறார். எட்டு மாதமாக இதையேதான் சொல்கிறார்.

அந்த அக்கா சேர்ந்த அன்றைக்கு டைம் ஆபீஸில் ஒருவர், அம்மணி, இதுக்கு முன்னாடி எங்கே வேலை பார்த்தீங்க, பழைய பி.எஃப். நம்பர் ஏதாச்சும் இருக்கா என்று கேட்டிருந்தால் போதும். ஃபாரம் 11 என்பது அந்தக் கேள்விக்காகத்தான் இருக்கிறது. அதை வாங்கி, பூர்த்தி செய்யாமலே கையெழுத்து மட்டும் வாங்கி ஃபைலில் சொருகுகிற பழக்கம் உங்களில் நிறையப் பேருக்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டவர்களே என்னிடம் சொல்கிறார்கள்.

2025 ஜனவரியில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. 2017 அக்டோபர் 1க்கு அப்புறம் எடுத்த, ஆதாரோடு சரிபார்த்த யு.ஏ.என். என்றால் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி உட்படப் பல விவரங்களைக் கம்பெனி தயவில்லாமல் உறுப்பினரே திருத்திக்கொள்ளலாம். ட்ரான்ஸ்ஃபர் விண்ணப்பத்துக்கும் பெரும்பாலும் கம்பெனி ஒப்புதல் தேவையில்லை. அதே வருடம் ஏப்ரலில் இன்னொரு படியும் குறைந்தது: பணம் அனுப்பும் பக்கத்து அலுவலகம் சரி என்றால் போதும், வாங்கும் பக்கத்து அலுவலகம் திரும்ப ஒரு முறை பார்க்க வேண்டியதில்லை. முன்னே மாதக்கணக்கில் இழுத்தது இப்போது சில நாட்களில் முடிவதை நானே பார்க்கிறேன். சரி, இனிமேல் எங்களுக்கு இதில் வேலையே இல்லையே என்று நினைத்துவிடாதீர்கள். 2017க்கு முந்தைய எண்களுக்கு இன்னமும் நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த எண்கள் யாருடையவை? அதிக வருடம் வேலை பார்த்தவர்களுடையவை. இழக்க அதிகம் இருப்பவர்கள் அவர்கள்தான்.

எவ்வளவு இழக்கிறார்கள் என்பதையும் சொல்கிறேன். வேலையை விட்டு நிற்பவரிடம் உங்கள் ஆட்கள் வழக்கமாகச் சொல்வது: ரெண்டு மாசம் கழிச்சு போ, எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக்கோ. தொழிலாளிக்கும் அது இனிக்கிறது. என் கடைக்கு வந்து ஃபாரம் 19, ஃபாரம் 10சி இரண்டையும் போடச் சொல்கிறார். 19 பி.எஃப். பணத்துக்கு. 10சி பென்ஷனுக்கு. 19இல் போகிற பணத்தைப் பார்த்துக் கொஞ்சம் வருத்தப்படுவேன், 10சியில் போவதைப் பார்த்தால் ரொம்பவே வருத்தப்படுவேன்.

உங்களுக்குத் தெரிந்த கணக்குத்தான். சம்பளம் 15,000 என்றால் தொழிலாளியிடம் 1,800 பிடிக்கிறீர்கள், கம்பெனியும் 1,800 போடுகிறது. கம்பெனி பங்கில் 550 மட்டும்தான் பி.எஃப்.இல் விழுகிறது, மீதி 1,250 பென்ஷனுக்குப் போகிறது. பென்ஷன் கிடைக்கப் பத்து வருடச் சேவை வேண்டும். பாக்கி மாதம் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள், ஆக ஒன்பதரை வருடம் இருந்தாலே பத்து. பென்ஷன் தொகைக்குக் கணக்கு: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 20 வருடம் முடித்து 58 வயதில் ஓய்வு பெற்றால் இரண்டு வருடம் கூடுதலாகப் போட்டுக் கொடுப்பார்கள்.

ஒரு மில்லில் எட்டு வருடம், அடுத்ததில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர் என்று வைத்துக்கொள்வோம். கடைசிச் சராசரிச் சம்பளம் 14,000. சேவை இரண்டும் சேர்ந்திருந்தால் 20 வருடம், கூடுதல் 2 சேர்த்து 22. 14,000ஐ 22ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதம் 4,400 ரூபாய். முதல் மில்லை விட்டதும் 10சி போட்டு எடுத்திருந்தால் மிச்சம் 12 வருடம்தான். மாதம் 2,400. வித்தியாசம் 2,000. அன்றைக்கு 10சியில் அவருக்குக் கிடைத்தது எவ்வளவு? ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். அப்போதைய சம்பளம் 9,000 என்றால் எழுபதாயிரத்துச் சொச்சம். அது மூன்று வருடப் பென்ஷன் வித்தியாசத்தோடு தீர்ந்துவிடும். பென்ஷனோ அவர் இருக்கும்வரை வரும், அவருக்குப் பின் துணைக்கும் ஒரு பங்கு வரும்.

பி.எஃப். பணத்துக்கும் சொல்கிறேன். 2024-25க்கு வட்டி 8.25 சதவீதம். இந்த வட்டி அப்படியே தொடர்ந்தால் இன்றைய 60,000 ரூபாய் இருபது வருடத்தில் 2,90,000ஐத் தாண்டும். இவ்வளவு வட்டியை நம்மூர்க் கூட்டுறவு வங்கியில்கூட அத்தனை வருடத்துக்கு எழுதித் தரமாட்டார்கள். வேலையை விட்டுவிட்டால் வட்டி நின்றுவிடும் என்று ஒரு பேச்சு ஊரில் ஓடுகிறது. அது சரியில்லை, 58 வயது வரைக்கும் வட்டி ஏறும். அப்புறம் வரி. சேவை ஐந்து வருடத்துக்குள் இருக்கும்போது எடுத்து, தொகை 50,000 அல்லது அதற்கு மேல் என்றால் வரிப் பிடித்தம் உண்டு. இந்த ஐந்து வருடம் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டும் என்றில்லை, ட்ரான்ஸ்ஃபர் செய்திருந்தால் பழைய கம்பெனி வருடமும் சேரும். மூன்று வருடம் அங்கே, மூன்று வருடம் இங்கே என்று இருப்பவருக்கு ட்ரான்ஸ்ஃபர்தான் அந்த வரியைத் தடுக்கிறது.

எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு, வீட்டுக் கடன், மகள் கல்யாணம் என்று வந்தால் ஃபாரம் 31 இருக்கிறது, கணக்கை மூடாமலே எடுக்கலாம். 2025 அக்டோபரில் பி.எஃப். நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவையும் பார்த்திருப்பீர்கள்: 25 சதவீதம் கணக்கிலேயே நிற்க வேண்டும், வேலை போனவர் முழுசாகக் கணக்கை முடிக்க இரண்டு மாதத்துக்குப் பதில் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், பென்ஷன் பங்கை எடுக்க 36 மாதம். ரெண்டு மாசம் கழிச்சு எடுத்துக்கோ என்ற உங்கள் வழக்கமான வாசகத்துக்கு இனி ஆயுசு குறைவு. இந்த முடிவு எனக்கு முழுச் சம்மதம் இல்லை. வேலை போய் அடுப்பு எரியாதவரிடம் பன்னிரண்டு மாதம் பொறு என்பது கொடுமை. ஆனால் திசை தெரிகிறது. மூடுவதைக் கஷ்டமாக்கினால், மாற்றுவதைச் சுலபமாக்கித்தான் ஆக வேண்டும். அந்தச் சுலபத்தில் பாதி உங்கள் கையில்.

கல்யாணத்துக்காக நிற்கிற பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அந்த இரண்டு மாதக் காத்திருப்புகூட இல்லை என்று விதியில் ஒரு சலுகை இருக்கிறது. சலுகையாக வந்தது வினையாகிவிட்டது. நிற்கிற அன்றே எல்லா ஃபாரத்திலும் கையெழுத்து வாங்கி, பணத்தைக் கையில் கொடுத்து, கணக்கை மூடி அனுப்பிவிடுகிறீர்கள். நகைக்கோ சீருக்கோ அது போய்விடும். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதில் குழந்தைகள் பள்ளிக்கூடம் போனதும் அதே பெண்கள் திரும்ப மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ வருகிறார்கள். சேவை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 10சி ஃபாரத்தில் பணத்துக்குப் பதிலாக ஸ்கீம் சர்டிபிகேட் கேட்கலாம் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள்? அந்தச் சர்டிபிகேட்டை வைத்திருந்து, பின்னால் எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் கொடுத்தால் பழைய வருடங்கள் பென்ஷன் கணக்கில் சேர்ந்துகொள்ளும். பி.எஃப். பணத்தை எடுத்தே ஆக வேண்டும் என்றால் எடுக்கட்டும். பென்ஷன் வருடங்களையாவது காப்பாற்றிக் கொடுங்கள்.

காண்ட்ராக்ட் ஆட்கள் விஷயம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஃபவுண்டரியில் ஒருவர், அதே மோல்டிங் மிஷின், அதே ஷிப்ட், அதே சூப்பர்வைசர். காண்ட்ராக்டர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு காண்ட்ராக்டருக்கும் ஒரு பி.எஃப். கோடு நம்பர், ஒவ்வொரு கோடுக்கும் இவருக்கு ஒரு உறுப்பினர் எண். நின்ற இடத்தை விட்டு ஒரு அடி நகராத மனிதருக்கு பாஸ்புக்கில் நாலு கம்பெனி. முதல் காண்ட்ராக்டர் ஊரிலேயே இல்லை, கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். காண்ட்ராக்டர் கட்டாத பி.எஃப்.க்கும் ஆட்களை வேலை வாங்கும் முதன்மை நிறுவனம்தான் பொறுப்பு என்று பி.எஃப். திட்டத்திலேயே இருக்கிறது. பில் பாஸ் பண்ணும்போது சலான் நகல் கேட்கிறீர்கள், சரி. காண்ட்ராக்ட் முடிகிற அன்றைக்கு, எல்லா ஆட்களுக்கும் விலகிய தேதி போட்ட பட்டியலையும் கேட்டு வாங்கிக்கொண்டு கடைசி பில்லை விடுங்கள். பணம் நிற்கிறது என்றால் எந்தக் காண்ட்ராக்டரும் அரைமணி நேரத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்.

நடுவில் ஒரு சின்ன விஷயம். ட்ரான்ஸ்ஃபர் முடிந்ததும் பழைய பாஸ்புக்கிலிருந்த பென்ஷன் பணம் புதுப் பாஸ்புக்கில் வராது. பி.எஃப். பங்கு மட்டும்தான் நகரும். பென்ஷனுக்குச் சேவைக் காலம்தான் கணக்கு, தொகை அங்கே கணக்கில்லை. இதைத் தெரியாமல், என் பென்ஷன் பணத்தைக் கம்பெனி சாப்பிட்டுவிட்டது என்று கோபமாக வருகிறவர்கள் அதிகம். உங்கள் பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள். செட்டில்மெண்ட் கொடுக்கும்போது இதை ஒரு வரி சொல்லிவிட்டால் உங்களுக்கும் நல்லது.

போர்ட்டல் படுத்தும் பாட்டையும் நான் அறிவேன். 13, 14 தேதிகளில் உள்ளே நுழைவதே பெரும்பாடு. ஓ.டி.பி. வரும்போது பக்கம் காலாவதியாகிவிடும். ஒரே ஆள் சம்பளம், இ.எஸ்.ஐ., போனஸ், இன்ஸ்பெக்ஷன் எல்லாம் பார்க்கிற கம்பெனியில் விலகியவர் கணக்கு கடைசி வரிசைக்குத்தான் போகும், புரிகிறது. அதனால்தான் இ.சி.ஆர். போடும் அதே உட்காரலில் முடித்துவிடுங்கள் என்கிறேன். போன மாத லிஸ்ட்டில் இருந்து இந்த மாத லிஸ்ட்டில் இல்லாத பெயர்கள் யார் யார் என்று எக்ஸெலே சொல்லிவிடும்.

அப்புறம், வேலையை விட்டு நிற்பவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். லெட்டர்ஹெட் வேண்டாம், சீல் வேண்டாம். யு.ஏ.என்., உங்கள் கம்பெனியில் அவருடைய உறுப்பினர் எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஆதாரில் உள்ளபடி பெயர், இதில் சந்தேகம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற ஒரு போன் நம்பர். அந்தச் சீட்டோடு ஒருவர் என் கடைக்கு வந்தால் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவேன். சீட்டு இல்லாமல் வருபவரிடம், உங்க கம்பெனி பேர் என்னங்க என்று தொடங்கி, சம்பளக் கவரின் பின்பக்கம் எதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுவது வரை போக வேண்டியிருக்கிறது.

பழைய பாக்கி எவ்வளவு இருக்கும் என்று நினைத்து மலைக்க வேண்டாம். முதலில் 2017க்கு முந்தைய எண்களை எடுங்கள், அவர்களுக்குத்தான் உங்களை விட்டால் வழியில்லை. உங்கள் லாகினில் ஒப்புதலுக்காக நிற்கும் திருத்த விண்ணப்பங்களையும் அப்படியே ஒரு முறை திறந்து பாருங்கள். சில பேர் அங்கே இரண்டு வருடமாக நிற்கிறார்கள். நேரில் கேட்க வேண்டிய சந்தேகம் இருந்தால், மாதா மாதம் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். நிறுவனம் நடத்தும் குறைதீர் முகாமுக்கு நீங்களும் வரலாம், தொழிலாளிகளுக்கு மட்டும் நடப்பதில்லை அது. நான் முடிந்த மாதமெல்லாம் போகிறேன். கம்பெனிப் பக்கத்திலிருந்து வருபவர்களை அங்கே அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

மேலே சொன்ன தேனி அக்காவின் முதல் மில்லுக்கு இப்போது பி.எஃப். பார்ப்பவர் இதைப் படித்தால், டோக்கன் விஷயம் என்ன ஆச்சு என்று அந்த அக்காவுக்கே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நம்பர் அவருடைய விண்ணப்பத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
பல்லடம் மெயின் ரோட்டில் இன்டர்நெட் சென்டர் வைத்திருக்கும் ஒருவன்